டேப்லெட்டில் உள் டிரைவ் தெரியவில்லையா? எந்தப் படியில் தொலைகிறது என்று முதலில் பாருங்கள்

போன வருடம் என் அக்கா மகன் தன் டேப்லெட்டோடு வந்தான். முகம் வாடிப்போயிருந்தது. முந்தின இரவு ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. காலையில் ஆன் செய்தால் விண்டோஸின் பிழைச் செய்தியோடு நீலத்திரை. மறுபடி ஆன் செய்தால் மறுபடி நீலத்திரை. நண்பன் சொன்னான் என்று ஒரு பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியை ஏற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் பட்டியல் காலியாக இருந்தது. "டிரைவ் போயிடுச்சு மாமா, என் ப்ராஜெக்ட் மொத்தமும் அதுலதான் இருக்கு" என்றான்.

டிரைவ் எங்கேயும் போகவில்லை. டேப்லெட்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தபோது அதன் மாடல் பெயரும் 256 ஜிபி என்ற அளவும் தெளிவாக இருந்தன. அந்த அப்டேட் ஒரே ஒரு அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருந்தது. அதைத் திருப்பிப் போட்டதும் அவன் விண்டோஸ், அவன் கோப்புகள் எல்லாம் அப்படியே வந்தன. அவன் மட்டும் அவசரப்பட்டு வேறு எதையாவது அழுத்தியிருந்தால் அந்த ப்ராஜெக்ட் போயே போயிருக்கும்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். டிரைவ் தெரியவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் நாலு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். டேப்லெட்டின் அடிப்படை மென்பொருளுக்கே, அதாவது யு.இ.எஃப்.ஐ.க்கே, டிரைவ் தெரியாமல் இருக்கலாம். அதற்குத் தெரிந்து, விண்டோஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டுக்கும் தெரிந்து, உள்ளே இருக்கும் பகுதிகள் சேதமாகியிருக்கலாம். எல்லாம் நன்றாக இருந்து, எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பு மட்டும் அழிந்திருக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் தரவு அழியும். எந்தப் படியில் தொலைகிறது என்று தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள், எதையும் வாங்காதீர்கள்.

ஒரு சின்ன விளக்கம். சேமிப்புச் சாதனத்தின் பெயர் டிரைவ். அதை இயக்கும் மென்பொருளின் பெயர் டிரைவர். ஓரெழுத்து வித்தியாசத்தில் புதியவர்கள் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் இரண்டும் வரும், கவனமாகப் படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

டேப்லெட்டைச் சமதளத்தில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஓர் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறதா? பின்பக்கம் வீங்கியிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். டிரைவ் கதை அதற்கப்புறம்தான்.

வீக்கம் இல்லையென்றால் அதனோடு வந்த சார்ஜரிலேயே ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும்போது செய்கிற சோதனையின் முடிவை நம்ப முடியாது. பாதியில் அணைந்துபோனால் புதிய சிக்கலும் வரும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிரைவைக் குறியாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இன்றைய விண்டோஸ் டேப்லெட்டுகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே டிரைவ் தானாகக் குறியாக்கம் ஆகிவிடுவது வழக்கம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. அமைப்புத் திரையில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பலருக்குத் தங்களிடம் அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. வேறு கணினியிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த டேப்லெட் என்றால் எண் அவர்களிடம் இருக்கும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

அப்புறம், வழியில் எந்தத் திரையாவது ஃபார்மேட், இனிஷியலைஸ், கிளீன், டெலீட் என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

முழுதாக அணைத்துப் பார்ப்பது

டேப்லெட்டில் பவர் பொத்தானைத் தட்டினால் அது தூங்கத்தான் செய்யும், அணையாது. தூக்கத்தில் டிரைவும் குறைந்த மின்சாரத்தில் படுத்திருக்கும். சில டிரைவ்கள் அந்த நிலையிலிருந்து எழுந்திருக்காமல் அப்படியே கிடந்துவிடும். மறுபடி தட்டினால் டிரைவ் இல்லை என்று செய்தி வரும்.

எனவே சார்ஜர், விசைப்பலகை, மெமரி கார்டு, ஹப் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் சின்னம் வந்து போனாலும் விடாதீர்கள். கையை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, சாதாரணமாக ஆன் செய்யுங்கள். இது எளிமையாக இருக்கிறதே என்று தாண்டிப்போகாதீர்கள். தூக்கத்திலிருந்து எழாத டிரைவுக்கு இதுவே முழு வைத்தியம். சரியாகி, பிறகு சில நாளுக்கு ஒரு முறை இதே தொல்லை திரும்ப வந்தால், தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் டிரைவுக்கும் யு.இ.எஃப்.ஐ.க்கும் புதிய ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைப்புத் திரையில் டிரைவ் இருக்கிறதா?

இந்தச் சோதனைதான் மொத்த வழியையும் இரண்டாகப் பிரிக்கிறது. யு.இ.எஃப்.ஐ. திரைக்குள் போக ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு வழி. சர்ஃபேஸ் வகைகளில் முழுதாக அணைத்துவிட்டு, ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி விட வேண்டும்; அமைப்புத் திரை வரும்வரை ஒலிப் பொத்தானிலிருந்து கையை எடுக்கக் கூடாது. வேறு சிலவற்றில் ஒலியைக் குறைக்கும் பொத்தான். விசைப்பலகை இணைத்திருந்தால் எஃப்2, டெலீட், எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்று வேலை செய்யும். விண்டோஸின் மீட்புத் திரை வருகிறது என்றால் இன்னும் சுலபம்: அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்ற கட்டம் இருக்கும்.

உள்ளே போனதும் எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதாவது மாறிப்போனால் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். தேட வேண்டியது ஸ்டோரேஜ் என்ற தலைப்பு, அல்லது என்.வி.எம்.இ., இ.எம்.எம்.சி., சாட்டா போன்ற டிரைவ் வகைகளின் பெயர்கள். அங்கே ஒரு மாடல் பெயரோ கொள்ளளவோ இருந்தால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது.

ஒரு கவனம். எதிலிருந்து தொடங்குவது என்று அடுக்கியிருக்கும் பூட் வரிசைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டிரைவ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரி காணாமல் போயிருந்தால் தொலைந்தது தொடக்கக் குறிப்பு. டிரைவ் வேறொரு பக்கத்தில் நலமாக இருக்கும். சில டேப்லெட்டுகளில் பூட் பட்டியலில் உள் சேமிப்பகத்துக்கு எதிரே ஒரு சிறு குறிப்பெட்டி இருக்கும். அது தேர்வு நீங்கியிருந்தாலும் இதே செய்திதான் வரும். தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

யு.இ.எஃப்.ஐ.க்குத் தெரிகிறது, விண்டோஸுக்குத் தெரியவில்லை

அக்கா மகனுக்கு நடந்தது இதுதான். நம்மிடம் வரும் கேஸ்களில் மிகவும் பயமுறுத்துவதும் இதுதான், ஆனால் மிகவும் எளிதாகத் தீர்வதும் இதுவே.

இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் செயலிகளிலிருந்து வி.எம்.டி. என்ற ஏற்பாடு பல மடிக்கணினிகளிலும் டேப்லெட்டுகளிலும் இயக்கப்பட்டே வருகிறது. இது செயலிக்கும் என்.வி.எம்.இ. டிரைவுக்கும் நடுவில் ஒரு கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டுப்பாட்டாளரோடு பேசத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லையென்றால், அதற்குப் பின்னால் இருக்கும் டிரைவ் கண்ணுக்கே தெரியாது. பட்டியல் காலியாக நிற்கும். டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, டிரைவரை ஏற்றுங்கள் என்று கீழே ஓர் ஆங்கில வரி வரும். அந்த வரி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அது கேட்பது டிரைவரைத்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பது உங்கள் பழைய விண்டோஸைப் பொறுத்தது.

ஏற்கெனவே உள்ளே ஒரு விண்டோஸும் உங்கள் கோப்புகளும் இருந்து, ஓர் அப்டேட்டுக்குப் பிறகோ, அமைப்புகளை இயல்புநிலைக்கு மாற்றிய பிறகோ நீலத்திரை வர ஆரம்பித்திருந்தால், நிறுவியையே தொடாதீர்கள். நீலத்திரையின் அடியில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில் வி.எம்.டி. எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் அது எழும். அன்று அணைந்திருந்து இன்று இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அன்று இயக்கத்தில் இருந்து இன்று அணைந்திருந்தால் இயக்குங்கள். அக்கா மகன் டேப்லெட் வாங்கிய புதிதில் யாரோ சொல்லி வி.எம்.டி.யை அணைத்துவிட்டு விண்டோஸை நிறுவியிருக்கிறான். அவனுக்கே அது மறந்துபோயிருந்தது. யு.இ.எஃப்.ஐ. அப்டேட் அதை மறுபடி இயக்கிவிட்டது. சில தயாரிப்பாளர்கள் வி.எம்.டி. என்ற பெயரைப் போடாமல், சாட்டா முறை என்ற தலைப்பில் ரெய்டு, ஏ.எச்.சி.ஐ. என இரண்டு தேர்வுகளாகக் கொடுத்திருப்பார்கள். விஷயம் ஒன்றுதான்: ரெய்டு என்றால் இயக்கம், ஏ.எச்.சி.ஐ. என்றால் அணைப்பு. மாற்றிச் சேமித்ததும் பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும்; அதற்குத்தான் முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.

உள்ளே காப்பாற்ற எதுவும் இல்லை, புதிதாகத்தான் நிறுவப்போகிறீர்கள் என்றால் டிரைவரை ஏற்றுவது நல்லது. வேறொரு கணினியில், உங்கள் டேப்லெட் மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குப் போய், ஸ்டோரேஜ் அல்லது சிப்செட் பிரிவில் 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' டிரைவரை இறக்குங்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு இயங்கு கோப்பாக வரும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் நிறுவிக்குப் புரியாது. இங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். அதைப் பிரித்தெடுத்து, 'ஐ.என்.எஃப்.' என்று முடியும் கோப்புகள் இருக்கிற கோப்புறையைப் பென் டிரைவில் போட வேண்டும். நிறுவியில் 'லோடு டிரைவர்', பிறகு 'பிரவுஸ்' என்று போய் அந்தக் கோப்புறையைக் காட்டினால் வி.எம்.டி. கண்ட்ரோலர் என்ற பெயர் ஒரு பட்டியலில் வரும். அதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்ததும், காலியாக இருந்த பக்கத்தில் டிரைவ் வந்து உட்காரும். பொருத்தமான டிரைவர் இல்லை என்று சொன்னால் நீங்கள் இறக்கியது வேறு தலைமுறைச் செயலிக்கானது.

பட்டியலில் ஒரே ஒரு டிரைவ் தெரிகிறது என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அது நீங்கள் செருகிய பென் டிரைவாகவே இருக்கலாம். அளவைப் பாருங்கள். 16 ஜிபி பென் டிரைவ் ஏறக்குறைய 14 என்று காட்டும். 64 ஜிபி உள் டிரைவ் 58 அளவிலும், 128 ஜிபி டிரைவ் 119 என்றும், 256 ஜிபி டிரைவ் 238 என்றும் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. குறைவதற்குக் காரணம் அதுதான், எதுவும் திருட்டுப் போகவில்லை.

பழைய விண்டோஸ் 7-ஐப் போட முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு என்.வி.எம்.இ.யும் தெரியாது, யு.எஸ்.பி. 3-உம் தெரியாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டிரைவ் இருக்கிறது, விண்டோஸ் எழவில்லை

நிறுவிப் பென் டிரைவிலிருந்து தொடங்கி, ஷிஃப்ட் விசையோடு எஃப்10-ஐ அழுத்தினால் கறுப்பு நிறக் கட்டளைச் சாளரம் திறக்கும். டேப்லெட்டில் ஒரே ஒரு யு.எஸ்.பி. துளைதான் என்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்று வேண்டும். பென் டிரைவையும் விசைப்பலகையையும் அதில் செருகுங்கள். கட்டளைச் சாளரத்தில் டிஸ்க்பார்ட் என்று தட்டச்சு செய்து என்டர், பிறகு லிஸ்ட் டிஸ்க், அடுத்து லிஸ்ட் வால்யூம். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். லிஸ்ட் என்று தொடங்கும் கட்டளைகள் பார்க்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. வேறெந்தச் சொல்லையும் இந்தச் சாளரத்தில் பரிசோதனைக்காக அடிக்காதீர்கள்.

லிஸ்ட் வால்யூமில் 100 முதல் சில நூறு எம்பி வரை அளவுள்ள ஒரு ஃபேட்32 பகுதியும், பெரிய என்.டி.எஃப்.எஸ். பகுதி ஒன்றும் தெரிந்தால் உங்கள் கோப்புகள் அநேகமாகப் பத்திரம். தொடக்கக் குறிப்புதான் கெட்டிருக்கிறது. சாளரத்தை மூடிவிட்டு, நிறுவியின் முதல் பக்கத்தில் இருக்கும் ரிப்பேர் வழியாகப் போய் ஸ்டார்ட்அப் ரிப்பேரை இரண்டு முறை ஓட விடுங்கள். முதல் முறை தோற்று இரண்டாம் முறை சரியாவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லையென்றால் பிசிடிபூட் என்ற கட்டளை உண்டு. அந்த ஃபேட்32 பகுதிக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடத்தைக் காட்டினால், தொடக்கக் கோப்புகளை அது புதிதாக எழுதித்தரும். அதுவரை வந்துவிட்டால் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பகுதிக்கு எதிரே என்.டி.எஃப்.எஸ். என்று வராமல் வெறுமையாகவோ 'ரா' என்றோ வந்தால் உடனே சேதம் என்று நினைத்துவிடாதீர்கள். பிட்லாக்கர் பூட்டிய பகுதியும் இப்படித்தான் தெரியலாம். பூட்டிய வீட்டைப் பார்த்து இடிந்த வீடு என்று சொல்லி மண்ணைக் கொட்டி மூடியவர்கள் உண்டு. மேனேஜ்-பிடிஇ என்ற கட்டளையின் நிலை அறிக்கை, அந்தப் பகுதி பூட்டியிருக்கிறதா என்று சொல்லும். 48 இலக்க எண்ணால் திறந்த பிறகு பார்த்தால் உண்மை தெரியும்.

யு.இ.எஃப்.ஐ.க்கே தெரியவில்லை

இப்போது வன்பொருள் பக்கம் வருகிறோம். உங்கள் டேப்லெட்டுக்குள் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் இ.எம்.எம்.சி.; நினைவகமும் அதன் கட்டுப்பாட்டாளரும் ஒரே சில்லுக்குள் அடங்கி, தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. சற்று உயர்ந்தவற்றில் எம்.2 2230 வகை எஸ்.எஸ்.டி., அதாவது திருகால் பொருத்திய சிறு அட்டை டிரைவ், இருக்கலாம். அந்த எண்ணுக்குப் பொருள் எளிது: 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவு. மாடல் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடினால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். டேப்லெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. ஆறிய நிலையில் டிரைவ் தெரிந்து, அரை மணி நேரம் ஓடியபின் மறைகிறதா? அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருகிறதா? அப்படியானால் டிரைவோ, பற்றவைத்த இணைப்போ தளர்ந்துகொண்டிருக்கிறது. டிரைவ் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரம் பொன்னானது. ஆன் ஆகிறதே என்று வேறு வேலை பார்க்காமல் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

எம்.2 வகையில், கீழே விழுந்ததற்குப் பிறகோ பழுதுபார்த்ததற்குப் பிறகோ டிரைவ் காணாமல் போனால் அது இடம் பெயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சர்ஃபேஸ் புரோ 8 போன்ற சிலவற்றில் பின்பக்க ஸ்டாண்டுக்கு அடியில் இதற்கென்றே ஒரு சிறு மூடி இருக்கிறது. முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கையால் ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத் திறங்கள். ஒரு டேப்லெட்டில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: திருகு பாதிதான் முறுக்கப்பட்டிருந்தது, டிரைவின் திருகு முனை ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிர்முனையில் தங்க நிறத் தொடுமுனைகளில் ஒரு கோடு மட்டும் வெளியே தெரிந்தது. எல்லாத் தொடுமுனைகளும் உள்ளே முழுதாகப் போயிருந்தால் அந்தக் கோடு தெரியவே கூடாது. திருகைக் கழற்றி, டிரைவைச் சாய்வாக வைத்து இறுதிவரை தள்ளி, படுக்க வைத்து, திருகை முழுதாக முறுக்கினேன். வேலை முடிந்தது. தொடுமுனைகளை விரலால் தொடாதீர்கள்.

திரையைச் சூடுபடுத்திப் பிரித்தால்தான் உள்ளே போக முடியும் என்ற வகை டேப்லெட்டை, முதன்முறையாகச் செய்கிறவர் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிரைவைத் தேடிப் போய்த் திரையை உடைத்துக்கொண்டு வர நேரும்.

இ.எம்.எம்.சி. என்றால் திறந்தும் பயனில்லை. ஆனால் திறக்காமலே அதன் நிலையைக் கேட்டறிய ஒரு வழி உண்டு. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் தயார் செய்து, நிறுவாமல் அதிலிருந்தே இயக்குங்கள். 2014-ஐ ஒட்டி வந்த ஆட்டம் இசட்3735எஃப் செயலி டேப்லெட்டுகளில் செயலி 64 பிட்டாகவும் யு.இ.எஃப்.ஐ. 32 பிட்டாகவும் இருக்கும். அவற்றுக்கு 32 பிட் யு.இ.எஃப்.ஐ.யை ஆதரிக்கும் லினக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் பென் டிரைவே எழாது. டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் எல்-எஸ்-பி-எல்-கே என்ற ஐந்து எழுத்துகளையும் சேர்த்து அடித்தால் எல்லா டிரைவ்களும் வரிசையாக வரும். என்.வி.எம்.இ. என்று தொடங்கினால் எஸ்.எஸ்.டி. வகை. எம்.எம்.சி. என்று தொடங்கினால் இ.எம்.எம்.சி.யோ மெமரி கார்டோ இருக்கலாம். கூடவே பூட்0, பூட்1 என்ற இரண்டு குட்டி வரிகள் இருந்தால்தான் அது இ.எம்.எம்.சி. மெமரி கார்டுக்கு அவை கிடையாது.

எதுவும் வரவில்லையென்றால் 'சூடோ' என்ற சொல்லை அடுத்து டி-எம்-இ-எஸ்-ஜி என வரும் கட்டளையை அடித்து, லினக்ஸ் எழும்போது பதிந்த குறிப்புகளைப் படியுங்கள். எம்.எம்.சி. என்ற வரியில் 'எரர் -110' என்று இருந்தால், சில்லைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதாவது சில்லு அங்கே இருக்கிறது, பேசவில்லை. இந்த வரியை இரண்டு மூன்று முறை முழுதாக அணைத்து ஆன் செய்த பின்னும் பார்த்தால், வீட்டில் செய்ய இனி எதுவும் இல்லை.

ஆண்ட்ராய்டு, ஐபேட்

இவற்றில் நாமே செய்யக்கூடியது குறைவு. ஆண்ட்ராய்டில் மீட்புத் திரை வந்து, டேட்டா பகுதியை ஏற்ற முடியவில்லை என்று வரிவரியாகச் சிவப்பில் வந்தால், முழுதாக அணைத்து ஒரு முறை முயலுங்கள். அடுத்த வழி ஃபேக்டரி ரீசெட், அது எல்லாவற்றையும் அழிக்கும். அதுவும் தோற்றால் பெரும்பாலும் சில்லு போயிருக்கும். ஐபேட் என்றால் கணினியோடு இணைத்து மீட்பு நிலைக்குக் கொண்டுபோய், முதலில் 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது கோப்புகளை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மறுபடி போடும். 'ரிஸ்டோர்' எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கோப்புகள் முக்கியம் என்றால்

யு.இ.எஃப்.ஐ.க்கே தெரியாத டிரைவில் விலைமதிப்பற்றது ஏதாவது இருந்தால், ஆன் செய்து ஆன் செய்து பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நலிந்த சில்லைக் கொஞ்சம் நலிய வைக்கிறோம். தரவு மீட்பு நிபுணர்கள் சில்லைப் பெயர்த்தெடுத்தும் படிப்பார்கள். ஆனால் பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்க எண் இல்லாமல் அவர்கள் படித்ததற்குப் பொருளே இருக்காது. ஆண்ட்ராய்டில் நிலைமை இன்னும் கடினம். ஆண்ட்ராய்டு 10-ஓடு புதிதாக வந்த சாதனங்களிலிருந்து குறியாக்கம் கட்டாயம், அதன் சாவி டேப்லெட்டின் செயலிப் பக்கத்திலேயே பூட்டப்பட்டிருக்கிறது; சில்லை மட்டும் தனியே எடுத்துப் பயனில்லை, பலகை உயிரோடு இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போனால், முடியாத வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

டிரைவ் திரும்பி வந்துவிட்டால் அன்றே கோப்புகளை வெளியே நகலெடுங்கள். பிறகு அதன் உடல்நிலையைப் பாருங்கள். எம்.2 டிரைவுக்கு, தன் நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் 'பர்சன்டேஜ் யூஸ்டு' என்ற வரி இருக்கும். இ.எம்.எம்.சி.யும் தன் தேய்மானத்தைத் தானே பதிந்து வைத்திருக்கும். லினக்ஸில் அதன் கோப்புறைக்குள் 'லைஃப் டைம்' என்ற கோப்பில் இரண்டு எண்கள் இருக்கும்: 01 என்றால் பத்து சதவீதத்துக்குள் தேய்ந்திருக்கிறது, 0ஏ என்றால் தொண்ணூறைத் தாண்டிவிட்டது, 0பி என்றால் கணக்கிட்ட ஆயுள் முடிந்தே போய்விட்டது. நீங்கள் அழித்த ஒரு கோப்பு மறுபடி ஆன் செய்ததும் பழைய இடத்தில் வந்து நின்றால் எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. சில்லு எழுதுவதை நிறுத்திவிட்டது.

அப்படி இ.எம்.எம்.சி. முடிந்துபோன டேப்லெட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு நல்ல பென் டிரைவில் லினக்ஸை நிரந்தரமாக நிறுவி, யு.இ.எஃப்.ஐ.யின் பூட் வரிசையில் யு.எஸ்.பி.யை மேலே ஏற்றிவிட்டால் படிக்க, இணையம் பார்க்க, பாட்டுக் கேட்கத் தாராளமாக ஓடும். மெமரி கார்டிலிருந்து எல்லா டேப்லெட்டுகளும் எழாது, அதனால் கார்டை வாங்குவதற்கு முன் உங்களுடையது பூட் பட்டியலில் கார்டைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.